அடையா வாயில்

கோலாலம்பூர் மாநகரின் புக்கிட் நானாஸ் குன்றில் புனித ஜான் தேவாலயம் அமைந்துள்ளது. 1919ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் அங்கு ஒரு திருமணம் நடைபெற்றது. மணமகள் சிபில் டேலி. அவர் சுமத்ராவின் மேடான் நகரில் 1899ஆம் ஆண்டு பிறந்தவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். மணமகன் தமிழ் மரபைச் சேர்ந்த மருத்துவர் கார்த்திகேசு. அன்று முதல் சிபில் கார்த்திகேசு என்று அழைக்கப்பட்ட அப்பெண்மணியின் பெயர், பின்னாளில் மலாயா வரலாற்றில் இடம்பெற்றது.

1926ஆம் ஆண்டு இருவரும் ஈப்போ, புரூஸ்டர் சாலையில் மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினர். சிபில் கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். அதனால் சீனத் தாய்மார்கள் அவரிடம் தயக்கமின்றி வந்தனர். ஏழைகளிடம் அவர் பணத்தை எதிர்பார்க்கவில்லை.

1941ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானியப் படை ஈப்போவை நெருங்கியது. கார்த்திகேசு குடும்பம் அருகிலுள்ள ஈயச் சுரங்கச் சிற்றூரான பாப்பானுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு 74ஆம் எண் கடைவீட்டில் சிபில் மீண்டும் மருத்துவப் பணியைத் தொடர்ந்தார். பகலில் ஊர் மக்கள் வந்தனர். இரவிலோ காட்டிலிருந்து வேறு சிலர் வந்தனர். அவர்கள் ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய கெரில்லா வீரர்கள். குண்டடி பட்டும் காய்ச்சல் கண்டும் வந்த அவர்களுக்குச் சிபில் பின்வாசலைத் திறந்துவிட்டார். அத்தகையோருக்கு உதவுவோர் உயிரோடு தப்புவது அரிது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அந்நியரையும் நோயாளியையும் ஏற்பது தம்மையே ஏற்பதாகும் என்பது இயேசுவின் போதனை. ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை கொண்ட சிபிலுக்கு அப்போதனை தேவாலயத்தோடு முடிந்துவிடவில்லை. வந்தவரின் இனம், மொழி, கொள்கை எதையும் அவர் பார்க்கவில்லை. அவரது காயத்தை மட்டுமே பார்த்தார். வீட்டில் ஒளித்து வைத்திருந்த வானொலியில் வெளிநாட்டுச் செய்திகளைக் கேட்டு, மனம் தளர்ந்தோருக்கு நம்பிக்கையும் ஊட்டினார்.

1943ஆம் ஆண்டு இருவரும் கைது செய்யப்பட்டனர். தம்மிடம் சிகிச்சை பெற்றோரின் விவரங்களைச் சொல்லுமாறு கெம்பித்தாய் எனும் ஜப்பானிய இராணுவக் காவல் படையினர் சிபிலைக் கொடுமைப்படுத்தினர். அவர் வாய் திறக்கவில்லை. பிறகு, ஏறத்தாழ ஏழு வயதான அவருடைய மகள் டோனை அவர் கண்ணெதிரே மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டப் போவதாக மிரட்டினர். பெற்ற மகளா, நம்பி வந்தவர்களா என்ற கொடிய கேள்வி அந்தத் தாயின் முன் நின்றது. சிறுமியோ தாய்க்கே தைரியம் சொன்னாள். அப்போதும் சிபில் எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. நல்வாய்ப்பாகச் சிறுமி உயிர் தப்பினாள். சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

1945ஆம் ஆண்டு ஜப்பான் சரணடைந்ததும் அவர் பத்து காஜா சிறையிலிருந்து விடுதலையானார். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, நடக்க இயலாத நிலையில் இருந்த அவர் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கு ஆறாம் ஜார்ஜ் மன்னர் அவரது வீரத்தைப் பாராட்டி ஜார்ஜ் பதக்கம் வழங்கினார். எனினும், சித்திரவதையின்போது தாடையில் பட்ட காயம் ஆறவில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் லானார்க் நகரில் அவர் இயற்கை எய்தினார். மறு ஆண்டு அவரது உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, மக்கள் திரண்டு வந்து மரியாதை செலுத்த, மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.

அவருடைய நினைவுக் குறிப்புகள் 1954ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. ஈப்போவில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. பாப்பானில் அவர் வாழ்ந்த கடைவீடு நினைவகமாகப் பேணப்படுகிறது. உணவும் உறைவிடமும் தருவது மட்டுமன்று, நம்பி வந்தவரை இறுதிவரை காப்பதும் விருந்தோம்பலே என்பதைச் சிபில் தம் வாழ்வால் மெய்ப்பித்தார்.