டகோடா ஓட்டிய முதல்வர்: பிஜு பட்நாயக்கின் ரகசியப் பயணங்கள்

புவனேஸ்வர் ஏர்போர்ட்டில் ஒரு பழைய டகோடா விமானம் நிறுத்தப்பட்டது. கொல்கத்தாவில் பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்த அதை, 2023-ல் பாகம் பாகமாகப் பிரித்து லாரிகளில் கொண்டுவந்தார்கள். அந்த ஏர்போர்ட்டின் பெயர் பிஜு பட்நாயக். ஒடிசாவின் முன்னாள் முதல்வருக்கும் இந்த விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

பைலட் ஆனது எப்படி?

1916-ல் கட்டாக்கில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஓட்டக் கற்றார். இரண்டாம் உலகப் போரில் ரங்கூனிலிருந்து பிரிட்டிஷ் குடும்பங்களை மீட்டு வந்தார். அதே ஆள், தலைமறைவாக இருந்த காங்கிரஸ் தலைவர்களையும் ரகசியமாக ஏற்றிச் சென்றார். விஷயம் வெளியே வந்ததும் சிறைதான்.

ஏன் டகோடா?

இரண்டு இன்ஜின், சுமார் 28 வீரர்கள் அல்லது இரண்டரை டன் சரக்கு. முக்கியமாக, சரியான ஓடுபாதை இல்லாத இடத்திலும் இறங்கும். ரகசிய வேலைக்கு இது போதும்.

ஜாவாவில் என்ன நடந்தது?

1947 ஜூலை 21. இந்தோனேசியக் குடியரசு மீது டச்சுப் படைகள் தாக்குதல் தொடங்கின. வானமும் கடலும் அவர்கள் கையில். நேருவின் வேண்டுகோளை ஏற்று, மனைவி ஞானுடன் ஜாவாவுக்குப் பறந்தார் பட்நாயக். முன்னாள் பிரதமர் சுதான் ஷாரிரை சிங்கப்பூர் வழியாக டெல்லிக்குக் கொண்டுவந்தார். அடுத்த மாதமே ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் தன் நாட்டுக்காகப் பேசினார் ஷாரிர்.

ஆனால் எல்லாப் பயணமும் அப்படி முடியவில்லை. பட்நாயக்குக்குச் சொந்தமான விடி-சிஎல்ஏ என்ற இன்னொரு டகோடா, ஜூலை 29-ம் தேதி மருந்துகளுடன் யோக்யகர்த்தாவை நெருங்கியது. மருந்து விமானம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தும், டச்சுப் போர் விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்தின. 9 பேரில் 8 பேர் பலி. இந்திய இன்ஜினியர் பீடா ராமும் அவர்களில் ஒருவர்.

அதன் பிறகு?

கலிங்கா ஏர்லைன்ஸை நடத்தினார். 1961-ல் முதல்வரானார். 1962 சீனப் போருக்குப் பின், கட்டாக் அருகே சர்பாத்தியாவில் ரகசிய விமானப் பிரிவான ஏ.ஆர்.சி. உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு. 1997-ல் காலமானார்.

இந்தோனேசியா அவருக்கு 'பூமிபுத்ரா' பட்டம் கொடுத்தது. விடி-சிஎல்ஏ-வில் இறந்த அதிசுசிப்தோவின் பெயர் யோக்யகர்த்தா விமான நிலையத்துக்கு வைக்கப்பட்டது. அந்த நாட்டு விமானப்படை ஜூலை 29-ஐ இன்றும் நினைவு நாளாக அனுசரிக்கிறது. பீடா ராம் பெயரை மட்டும் இங்கே பெரும்பாலும் யாரும் கேள்விப்பட்டதில்லை.