பலூன் கொட்டகையில் பிறந்த டயர்
கே.எம். மாம்மன் மாப்பிள்ளையின் வாழ்க்கை

சச்சின் டெண்டுல்கரின் மட்டையை மறந்தவர்கள் மும்பையில் இருக்க முடியாது. 1990களில் அந்த மட்டையில் எம்.ஆர்.எஃப். என்ற மூன்று எழுத்துகள் பளிச்சென்று தெரியும். தாராவிச் சந்துகளில் பலகையை மட்டையாக்கி விளையாடிய பிள்ளைகள் கூடக் கரித்துண்டால் அதே மூன்று எழுத்துகளை எழுதிக்கொண்டார்கள். அவை மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்பதன் சுருக்கம் என்பது பலருக்குத் தெரியாது. அது ஒரு காலத்தில் குழந்தைகளுக்கான பலூன் செய்யும் கொட்டகையாக இருந்தது என்பதை அறிந்தவர்கள் இன்னும் குறைவு.

அந்தக் கொட்டகையைப் போட்டவர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. பெயரைக் கேட்டதும் யாருக்கு மாப்பிள்ளை என்று நம் ஊர்க்காரர்கள் கேட்கலாம். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் மாப்பிள்ளை என்பது வழிவழியாக வரும் பட்டப் பெயர். நாம் பிழைப்புக்காக மராட்டியம் வந்தது போல, அவர் கேரளத்திலிருந்து சென்னைக்கு வந்தவர்.

இடி விழுந்த குடும்பம்

மாப்பிள்ளை 1922ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி பிறந்தார். தந்தை கே.சி. மாம்மன் மாப்பிள்ளை, கோட்டயத்திலிருந்து வெளிவந்த மலையாள மனோரமா பத்திரிகையின் ஆசிரியர். அத்துடன் வங்கித் தொழிலும் நடத்தினார். பெரிய வீடு, நல்ல பெயர், எதற்கும் குறைவில்லாத வாழ்க்கை.

1938இல் எல்லாம் சரிந்தது. அப்போது திருவாங்கூர் சமஸ்தானத்தில் திவான் சி.பி. ராமசாமி அய்யரின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அரசுக்கும் மனோரமாவுக்கும் ஒத்துப்போகவில்லை. பத்திரிகை அலுவலகம் பூட்டப்பட்டது. குடும்பத்தாரின் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி அதே ஆண்டு மூழ்கியது. தந்தை சிறைக்குப் போனார். சொத்துகள் கைவிட்டுப் போயின. பத்திரிகை மறுபடி வெளிவர 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் மாப்பிள்ளைக்கு வயது பதினைந்து, பதினாறு. பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். விடுதியில் தரையில் படுத்து உறங்கிப் படித்தவர் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு ஏழ்மை என்றால் என்னவென்று அந்தத் தரை கற்றுக்கொடுத்தது.

பையில் பலூன்

1946ஆம் ஆண்டு. வடசென்னையில் திருவொற்றியூரில் ஒரு சிறிய கொட்டகை. உள்ளே பெரிய யந்திரம் எதுவும் கிடையாது. ரப்பர் பாலில் அச்சை முக்கி எடுத்துக் காயவைத்தால் பலூன். இதுதான் தொழில். மனைவி குஞ்ஞம்மா உடன் நின்று உழைத்தார். செய்த பலூனைப் பையில் போட்டுக்கொண்டு, சென்னைத் தெருக்களில் கடை கடையாக ஏறி இறங்கி விற்றவர் மாப்பிள்ளையேதான்.

1949இல் தம்புச் செட்டித் தெருவில் ஓர் அலுவலகம் திறந்தார். பலூனோடு ரப்பர் பொம்மை, கையுறை முதலியனவும் சேர்ந்தன. ஒரு சாதாரண மனிதர் இத்துடன் திருப்தி அடைந்திருப்பார். மாப்பிள்ளையின் கண் வேறு இடத்தில் இருந்தது.

உறவினர் ஒருவர் டயர் ரீட்ரெட் செய்யும் தொழில் நடத்திவந்தார். லாரி டயரின் மேற்பட்டன் தேய்ந்து மொட்டையானதும், உள்ளே இருக்கும் உடம்பு நன்றாக இருந்தால் மேலே புது ரப்பர் ஒட்டி மீண்டும் ஓடவிடுவார்கள். அந்த மேல் ரப்பரை விற்றுக்கொண்டிருந்தது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. நம் மண்ணிலேயே ரப்பர் விளைகிறது. நம் ஆட்களே வேலை செய்கிறார்கள். லாபம் மட்டும் கடல் தாண்டிப் போவானேன் என்று மாப்பிள்ளை யோசித்தார். 1952இல் அவரே அந்த மேல் ரப்பரைத் தயாரிக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே நாட்டில் விற்கும் ரீட்ரெட் ரப்பரில் பாதி அவருடையதாயிற்று.

சாலையைத் தொடுவது எது?

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கார் எவ்வளவு பெரிதானாலும் பூமியைத் தொடுவது நான்கே இடங்களில்தான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவு. எஞ்சினில் எத்தனை குதிரைச் சக்தி இருந்தாலும், பிரேக் எத்தனை நல்லதானாலும், எல்லாம் அந்த நான்கு உள்ளங்கை ரப்பர் வழியாகத்தான் வேலை செய்தாக வேண்டும். மாப்பிள்ளை கையில் எடுத்தது அந்த ரப்பரைத்தான்.

ரப்பரில் ஒரு சங்கடம் உண்டு. மென்மையாகச் செய்தால் சாலையைக் கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். கடினமாகச் செய்தால் நெடுநாள் உழைக்கும். ஆனால் பிடி குறையும், மழையில் வழுக்கும். கரித்தூள், கந்தகம் முதலியவற்றை எந்த அளவில் சேர்ப்பது, எவ்வளவு நேரம் வேகவைப்பது என்பதில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. லாரிக்காரருக்கு உழைப்பு வேண்டும். பந்தயக்காரருக்குப் பிடிப்பு வேண்டும். இருவருக்கும் ஒரே ரப்பர் ஆகாது.

வெள்ளைக்காரக் கம்பெனிகளோடு போட்டி

அடுத்த படி முழு டயர். அதுதான் ஆபத்தான படி. அந்நாளில் டயர் வியாபாரம் டன்லப், ஃபயர்ஸ்டோன் போன்ற அந்நியக் கம்பெனிகளின் கைக்குள் இருந்தது. நம் பம்பாயிலேயே சிவ்ரியில் ஃபயர்ஸ்டோன் ஆலை நடந்தது. பாண்டுப்பில் சியட் இருந்தது. இவர்கள் முன்னால் பலூன்காரர் எம்மாத்திரம் என்று பலரும் நினைத்தார்கள்.

மாப்பிள்ளை பின்வாங்கவில்லை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1961இல் திருவொற்றியூரில் டயர் உற்பத்தியில் இறங்கினார். ஆனால் அமெரிக்காவின் வழவழப்பான சாலைக்கு வகுத்த முறை, நம் வெயிலுக்கும் குண்டு குழிக்கும் அளவுக்கு மீறிய பாரத்துக்கும் அப்படியே பொருந்தவில்லை. அதை நம் சாலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இரவல் வாங்கிய அறிவைத் தன் ஊருக்குத் தக்கபடி திருத்திக்கொண்டதே அவர் வெற்றியின் முதல் காரணம் எனலாம்.

இரண்டாவது காரணத்தில் பம்பாய்க்கும் பங்கு உண்டு. டயரைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்கும் பயில்வான் படத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். 1964இல் அதை உருவாக்கியவர் பம்பாய் விளம்பர நிபுணர் அலிக் பதம்சீ. லாரி ஓட்டுநர்களிடம் விசாரித்து, அவர்கள் டயரில் எதிர்பார்ப்பது பலம் ஒன்றைத்தான் என்று அறிந்த பிறகே அந்தப் படம் பிறந்தது. வாங்குபவனுக்கு என்ன தேவை என்று கேட்ட பிறகு விற்பது! இன்றும் எத்தனை வியாபாரிகள் இதைச் செய்கிறார்கள்?

1967இல் அமெரிக்காவுக்கே டயர் அனுப்பிய முதல் இந்தியக் கம்பெனி என்ற பெயர் கிடைத்தது. 1973இல் நைலான் கார் டயர் வந்தது. 1979இல் மான்ஸ்ஃபீல்ட் கம்பெனி விலகியதும், எம்.ஆர்.எஃப். என்ற பெயரே நிலைத்தது.

பந்தயத் திடலில்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அங்கே பல்லாண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது. லட்சக்கணக்கான ரூபாய் வண்டியும் வரும், வீட்டில் கழற்றிப் பூட்டிய பழைய வண்டியும் வரும். பிறகு 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. கோவை அருகே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் வந்தது.

எம்.ஆர்.எஃப். கம்பெனி 1980களில் பந்தயங்களிலும் ராலிகளிலும் கால் வைத்தது. விளம்பரம் மட்டும் இதன் நோக்கம் அல்ல. சாலையில் ஓடும் டயர் பல ஆண்டுகளில் படும் பாட்டை, ராலியில் ஓடும் டயர் இரண்டு நாளில் பட்டுவிடும். எங்கே கிழிகிறது, எப்போது சூடேறிப் பிடி விடுகிறது என்பதெல்லாம் உடனே தெரிந்துவிடும்.

இன்று சம்பளம் வாங்கும் இளைஞர்கள் கூட அன்றாடம் ஓட்டும் காரிலேயே ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்துக்குப் போகிறார்கள். மைதானத்தில் கூம்புகளை நட்டு வளைந்து வளைந்து ஓட்டும் ஆட்டோகிராஸ் போட்டியும் நடக்கிறது. அவர்கள் எப்படி டயர் தேர்ந்தெடுப்பது?

பந்தயத்துக்கென்றே செய்த மொட்டை டயர் சூடேறினால்தான் பிடிக்கும். ஆட்டோகிராஸில் ஒரு சுற்று ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும்; அதற்குள் அது சூடேறாது. மழையில் அது எமன். சாலையில் ஓட்டவும் கூடாது. எனவே வீட்டிலிருந்து ஓட்டிச்சென்று, போட்டியிட்டு, அதே டயரில் திரும்பி வருகிறவருக்குச் சாலைக்கு அனுமதித்த டயர்களில் மென்மையான ரகமே ஏற்றது. சில டயர்களின் பக்கச் சுவரில் தேய்மான எண் இருக்கும். இருநூறு என்றால் மென்மை, நல்ல பிடி, குறைந்த ஆயுள். நானூறு என்றால் நெடுநாள் உழைப்பு. இது தோராயக் கணக்குதான். ஒரு கம்பெனி எண்ணை இன்னொரு கம்பெனி எண்ணோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

அடுத்தது வயது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1223 என்றால் 2023ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் வாரம். பட்டன் தேயாமல் புதிது போல் இருந்தாலும், பல ஆண்டுகள் கிடந்த டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டயர் வாங்குகிற டாக்சிக்கார நண்பர்களும் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது. ரீட்ரெட் டயர் லாரிக்கு லாபம். பந்தய வேகத்துக்கு ஆகவே ஆகாது. மேல் ரப்பர் பிய்ந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாகக் காற்று. ஓட ஓட டயர் சூடேறும், காற்றழுத்தமும் ஏறும். ஆகவே இரண்டு சுற்று ஓடிய பிறகு மறுபடி அளந்து பார்ப்பவரே கெட்டிக்காரர்.

இரண்டு கட்டளைகள் அல்ல, ஒரே பாடம்

மாப்பிள்ளை டயரோடு நின்றுவிடவில்லை. 1987இல் சென்னையில் வேகப்பந்து வீச்சாளர்களுக்குப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி வந்து கற்றுக்கொடுத்தார். வேகப்பந்து வீச ஆசைப்பட்டு அங்கே போன நம் பம்பாய்ச் சிறுவன் சச்சினை, மட்டை பிடிப்பதில் கவனம் செலுத்தச் சொல்லி அனுப்பினார் லில்லி. அதே சிறுவன் பின்னாளில் அதே மூன்று எழுத்துகளை மட்டையில் தாங்கி உலகம் சுற்றினான். எது யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்பது டயருக்கும் மனிதனுக்கும் ஒன்றுதான் போலும்!

அரசு பத்மஸ்ரீ விருது அளித்து அவரைக் கௌரவித்தது. 2003ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி தமது எண்பதாவது வயதில் அவர் காலமானார். அவர் மறைந்த பின்னும் ஓட்டம் நிற்கவில்லை. 2022இல் ஐரோப்பிய ராலிப் பட்டத்தை ஸ்பெயின் வீரர் எஃப்ரென் யாரேனா வென்றபோது, அவர் காரில் இருந்தவை எம்.ஆர்.எஃப். டயர்கள். 2023 ஜூன் மாதம் அந்தக் கம்பெனியின் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒரு ரூபாய்க்கு எத்தனையோ பலூன் விற்றவர் போட்ட கடை அது.

தாராவியில் ஓர் அறையில் தோல் பை தைப்பவரும், மாடியில் இட்லி மாவு அரைப்பவரும், பழைய டயரை அறுத்துப் பொருள் செய்பவரும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாப்பிள்ளை அவர்களைப் போலவே ஒரு கொட்டகையிலிருந்து புறப்பட்டவர். தந்தையின் வங்கி மூழ்கியதைப் பார்த்தும் தொழில் செய்யப் பயப்படவில்லை. பலூன் விற்றபோதும் டயர் விற்றபோதும் கையில் இருந்த பொருளின் குணத்தை முதலில் படித்தார். பிறகுதான் விலை சொன்னார். நம் சந்துகளில் தொழில் தொடங்கும் தம்பிமார் மனத்தில் வைக்க வேண்டியதும் அதுவே.