விளையாடும் நிலம்

நுழையும்முன்

விளையாட்டுத்திடல் என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை நிற்கும் நிலத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மேடும் பள்ளமும் நீரும் மரமும் கொண்ட நிலமே குழந்தைக்கு விளையாட்டுத் தோழனாகலாம் என்று கருதினார் ஒரு சிற்பி. நகரங்கள் அக்கருத்தைப் பலமுறை மறுத்தன. மறுப்புகளுக்கு இடையிலும் அதைக் கைவிடாத இசாமு நோகுச்சியின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இரு நாடுகளின் பிள்ளை

இசாமு நோகுச்சி 1904ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். தாய் லியோனி கில்மோர் அமெரிக்கர். எழுத்தும் ஆசிரியப் பணியும் அவருடைய வாழ்க்கை. தந்தை யோனே நோகுச்சி, ஜப்பானியக் கவிஞர். மகன் பிறப்பதற்கு முன்பே தந்தை தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். 1907ஆம் ஆண்டு தாய் தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஜப்பான் சென்றார். துணிவு என்னும் பொருள்தரும் இசாமு என்ற பெயர் அந்நாட்டில்தான் அவருக்குச் சூட்டப்பட்டது. ஆயினும், தந்தையின் அரவணைப்பு அவருக்குக் கிட்டவில்லை. தாயும் மகனும் தனித்தே வாழ்ந்தனர்.

கடலோர ஊராகிய சிகசாகியில் தாய் ஒரு வீடு கட்டினார். அப்போது இசாமுவுக்கு எட்டு வயது. கட்டட வேலையை மேற்பார்வையிடும் பொறுப்பைத் தாய் அந்தச் சிறுவரிடமே ஒப்படைத்தார். வீட்டுத் தோட்டமும் அவர் பொறுப்பில் விடப்பட்டது. அவ்வூர்த் தச்சர் ஒருவரிடம் அவர் தொழில் பழகினார். மண்ணைக் கிளறுவதும் மரத்தை இழைப்பதும் நீரை வழிப்படுத்துவதும் ஏட்டுக் கல்விக்கு இணையான கல்வி என்பதை அத்தாய் அறிந்திருந்தார்.

1918ஆம் ஆண்டு, பதின்மூன்று வயதில், இசாமு தன்னந்தனியாகப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திற்குக் கல்வி கற்க அனுப்பப்பட்டார். அவர் நாடிச் சென்ற பள்ளியோ விரைவில் மூடப்பட்டது. ஜப்பானில் அவர் அமெரிக்கச் சிறுவர். அமெரிக்காவில் ஜப்பானியச் சிறுவர். எந்த மண்ணும் தம்முடையதென்று உரிமை பாராட்ட இயலாத அந்த இளமைத் தனிமையே, பின்னாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய ஒரு நிலத்தைப் படைக்க வேண்டும் என்னும் வேட்கையாக அவருள் வளர்ந்தது எனலாம்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கிய அவரைச் சிற்பக்கலை தன்பால் ஈர்த்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டு குகன்ஹைம் நல்கை பெற்றுப் பாரிஸ் சென்று, புகழ்பெற்ற சிற்பி கான்ஸ்டன்டின் பிராங்குசியிடம் உதவியாளராகப் பணிபுரிந்தார். பின்னர்ச் சீனத்திலும் ஜப்பானிலும் தங்கி ஓவியமும் மட்பாண்டக் கலையும் கற்று, நியூயார்க் நகருக்குத் திரும்பினார்.

விளையாட்டு மலை

1933ஆம் ஆண்டு, பொருளாதாரப் பெருமந்தத்தால் அமெரிக்கா நலிந்திருந்த காலம். அவ்வாண்டில் நோகுச்சி ஒரு மாதிரியைப் படைத்தார். அதற்கு விளையாட்டு மலை என்று பெயரிட்டார். தெருக்கள் சூழ்ந்த ஒரு நகர மனைத்தொகுதி முழுவதையும் ஒரே குன்றாக உயர்த்துவது அவரது திட்டம். ஒருபுறம் ஏறிச்செல்லப் பெரும்படிகள். மறுபுறம் குளிர்காலத்தில் பனியில் சறுக்கி விளையாட ஏற்ற சரிவு. கோடையில் நீர் வழிந்தோடும் சறுக்குப்பாதை. அடியில் ஆழமற்ற குளம். தனித்தனிக் கருவிகளை நட்டுவைப்பதற்கு மாறாக, நிலத்தையே செதுக்கிச் சிற்பமாக்கும் முயற்சி அது.

இத்திட்டத்தின் ஆழத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊஞ்சல் ஆடுவதற்கு உரியது. சறுக்குமரம் சறுக்குவதற்கு உரியது. எப்படி விளையாட வேண்டும் என்பதைக் கருவி முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. குன்றோ அவ்வாறு கட்டளையிடுவதில்லை. ஒரு குழந்தைக்கு அது கோட்டை. மற்றொரு குழந்தைக்குக் கப்பல். பிறிதொரு குழந்தைக்கு வேற்றுலகம். பொருளைக் கற்பிக்கும் உரிமை குழந்தையிடமே இருக்கிறது. ஏறும்போது சரிவின் கடுமையையும், இறங்கும்போது புவியின் ஈர்ப்பையும், மழைபெய்தால் நீர் செல்லும் வழியையும் உடலே கற்றுக்கொள்கிறது.

1934ஆம் ஆண்டு நோகுச்சி அம்மாதிரியை நியூயார்க் நகரப் பூங்காக்களின் ஆணையர் ராபர்ட் மோசஸிடம் எடுத்துச் சென்றார். மோசஸ் தம் பதவிக்காலத்தில் நூற்றுக்கணக்கான விளையாட்டுத்திடல்களை அமைத்தவர். அவை பெரும்பாலும் தளமிட்ட சமதரையும், வேலியும், ஒரே அச்சில் வார்த்த கருவிகளும் கொண்டவை. ஏழைக் குழந்தைகளுக்கும் விளையாட இடம் வேண்டும் என்னும் தேவையை அவை விரைந்து நிறைவேற்றின என்பதை மறுக்க இயலாது. ஆயினும், அந்த வரையறைக்குள் விளையாட்டு மலைக்கு இடமில்லை. ஆணையர் அதைக் கண்டு நகைத்தார். நோகுச்சி மாதிரியுடன் திரும்பினார்.

கருவிகளற்ற திடல்

சில ஆண்டுகளுக்குப் பின் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரப் பூங்கா ஒன்றிற்காக அவர் விளையாட்டுக் கருவிகளை வடிவமைத்தார். அத்திட்டம் நிறைவேறவில்லை. அக்கருவிகளை நியூயார்க்கில் காட்டியபோது, குழந்தைகள் விழுந்து காயமுறக்கூடும் என்ற தடை எழுந்தது.

தடையையே நோகுச்சி படிக்கல்லாக்கினார். 1941ஆம் ஆண்டு மேடுபள்ளத் திடல் என்னும் புதிய மாதிரியை உருவாக்கினார். அதில் கருவி என்று ஒன்றுமே இல்லை. மெல்ல உயர்ந்து தாழும் மண்ணின் வளைவுகளே அதன் உறுப்புகள். விழுவதற்கு உயரமான பொருள் ஏதுமில்லாதபோது அச்சத்திற்கும் இடமில்லை அல்லவா? உருளவும் ஒளியவும் ஓடவும் நிலமே இடமளித்தது. ஆனால், அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. திட்டம் நின்றுபோனது.

முள்வேலிக்குள்

போர் நோகுச்சியின் வாழ்வில் மற்றொரு சோதனையைக் கொணர்ந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த, ஜப்பானிய வழிவந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை அரசு தடுப்பு முகாம்களில் அடைத்தது. நியூயார்க்கில் வாழ்ந்த நோகுச்சிக்கு அவ்வாணை பொருந்தாது. எனினும், 1942ஆம் ஆண்டு அவர் தாமாகவே முன்வந்து அரிசோனா பாலைநிலத்தில் இருந்த போஸ்டன் முகாமிற்குள் சென்றார். முள்வேலிக்குள் வாழ நேர்ந்த மக்களுக்குப் பூங்காக்களும் விளையாட்டிடங்களும் நீச்சல் குளங்களும் அமைத்துத் தரவேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவர் வரைபடங்களை வரைந்தார். அவற்றைச் செயற்படுத்தும் எண்ணம் அதிகாரிகளுக்கு இல்லை. ஏழு திங்கள் கழித்து அவர் வெளியேறினார். வரைபடங்கள் தாளிலேயே தங்கின. ஆயினும், புழுதி பறக்கும் பாலையிலும் விளையாட நிலம் வேண்டும் என்று எண்ணிய உள்ளத்தின் உயர்வை அவை இன்றும் உணர்த்துகின்றன.

வானியல் முற்றத்தில்

1949ஆம் ஆண்டு மற்றொரு நல்கையின் துணையுடன் நோகுச்சி நெடும்பயணம் மேற்கொண்டார். மக்கள் கூடி மகிழும் பொது இடங்கள் உலகின் பல பகுதிகளில் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை அறிவதே அதன் நோக்கம். இந்தியாவிற்கு வந்த அவரைத் தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் உள்ள ஜந்தர் மந்தர் என்னும் வானியல் முற்றங்கள் கவர்ந்தன. அங்குள்ள படிகளும் வளைசுவர்களும் வானத்தை அளக்கும் கருவிகள். மனிதர் ஏறி நடக்கும் கட்டடங்களும் அவையே. அறிவும் வடிவும் பயனும் ஒன்றாய் நிற்பதை அவர் அங்குக் கண்டார். அவற்றின் தாக்கத்தைப் பிற்காலத்தில் அவர் பளிங்கில் செதுக்கிய சறுக்கு மந்திரம் என்னும் சிற்பத்தில் காணலாம். குழந்தைகள் உள்ளே ஏறி, வெளிப்புறம் சறுக்கி இறங்கும் அச்சிற்பம் 1986ஆம் ஆண்டு வெனிஸ் கலைக்காட்சியில் இடம்பெற்றது.

| தெரிந்து தெளிவோம் |
|---|
| ஜந்தர் மந்தர் முற்றங்களை 18ஆம் நூற்றாண்டில் அமைத்தவர் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங். ஜெய்ப்பூர் முற்றத்தில் உள்ள சாம்ராட் யந்திரம், நிழலின் நகர்வைக் கொண்டு பொழுதை அளக்கும் மாபெரும் கதிர்க் கடிகாரமாகும். |

ஐந்து முறை வரைந்த திட்டம்

1950களின் தொடக்கத்தில், நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவைத் தலைமையகத்தின் அருகே ஒரு விளையாட்டுத்திடல் அமைக்க நோகுச்சி திட்டமிட்டார். பொருளுதவி செய்யத் தனியார் முன்வந்தனர். மோசஸ் மீண்டும் தடுத்தார். அம்மாதிரி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. குழந்தைகளின் காலடி படவேண்டிய நிலம் கண்ணாடிப் பேழைக்குரிய காட்சிப்பொருளாயிற்று.

1961ஆம் ஆண்டு முதல் கட்டடக் கலைஞர் லூயி கானுடன் இணைந்து, ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ரிவர்சைடு பூங்காவில் ஒரு திடலை அமைக்க அவர் உழைத்தார். இருக்கும் பசுமையைக் கட்டுமானம் குலைத்துவிடும் என்று அப்பகுதி மக்களில் ஒரு பிரிவினர் எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். எதிர்ப்பிற்கும் செலவிற்கும் ஏற்ப இருவரும் திட்டத்தை ஐந்து முறை மாற்றி வரைந்தனர். மாநகர மேயர் ஒப்பமிட்டார். அவருக்குப் பின் பதவியேற்ற மேயர் 1966ஆம் ஆண்டு திட்டத்தைக் கைவிட்டார். ஐந்தாண்டு உழைப்பு ஓர் ஆணையில் முடிந்தது.

இக்காலங்களில் நோகுச்சி வாளாவிருக்கவில்லை. நடன அரங்குகளுக்குக் காட்சியமைப்புகள், காகித விளக்குகள், பாரிஸில் யுனெஸ்கோ தலைமையகத் தோட்டம் என அவர் புகழ் உலகெங்கும் பரவியது. எனினும், குழந்தைகளுக்கான நிலம் மட்டும் அவர் நெஞ்சில் நிறைவேறாக் கடனாகவே நின்றது.

மெல்ல மெல்லக் கதவுகள் திறந்தன. ஜப்பானின் யோகஹாமா நகரில் குழந்தைகள் நாடு என்று பொருள்படும் கொடொமோ நோ குனி என்னும் பூங்காவில் 1960களின் இடையில் அவர் ஒரு திடலை அமைத்தார். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பியட்மாண்ட் பூங்காவில் ஒரு திடல் உருவாயிற்று. அவர் வாழ்நாளில் அமெரிக்க மண்ணில் கட்டி முடிக்கப்பட்ட விளையாட்டுத்திடல் அது ஒன்றே.

குப்பை மேட்டில் ஒரு மலை

ஜப்பானின் வடதீவாகிய ஹொக்கைடோவின் தலைநகர் சப்போரோ. 1988ஆம் ஆண்டு அந்நகர நிருவாகம் நோகுச்சியை அழைத்துச் சில இடங்களைக் காட்டியது. மார்ச் மாதம், எங்கும் பனி மூடியிருந்தது. அவ்விடங்களுள் ஒன்று மோயெரெநுமா. ஆற்றின் பழைய தடம் வளைத்து நிற்கும் அச்சதுப்பு நிலத்தை நகரம் குப்பை கொட்டும் இடமாகப் பயன்படுத்தி வந்தது. நோகுச்சி அதையே தேர்ந்தெடுத்தார். மனிதர் சிதைத்த நிலத்தை மனிதரே மீட்டுத் தரவேண்டும் என்பது அவர் கருத்து.

எண்பத்து மூன்று வயதில் அவர் இளைஞரைப் போல உழைத்தார். ஏறத்தாழ 189 எக்டேர் பரப்புடைய அந்நிலம் முழுவதையும் ஒரே சிற்பமாகக் கருதித் திட்டம் வகுத்தார். அதன் நடுவே, 1933ஆம் ஆண்டில் நகைப்பிற்கு உள்ளான விளையாட்டு மலைக்கு இடம் ஒதுக்கினார். அவ்வாண்டு நவம்பரில் முழுத்திட்டத்தின் மாதிரி உருப்பெற்றது. டிசம்பர் 30ஆம் நாள் நோகுச்சி நியூயார்க்கில் மறைந்தார்.

அவர் மறைந்தாலும் பணி நிற்கவில்லை. அவருடன் பணியாற்றியவர்கள் வரைபடங்களை வழிகாட்டியாகக் கொண்டு தொடர்ந்து உழைத்தனர். 2005ஆம் ஆண்டு மோயெரெநுமா பூங்கா முழுமையடைந்தது. கற்படிகள் கொண்ட விளையாட்டு மலை இன்று அங்கு 30 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. குப்பையும் கட்டுமான மண்ணும் குவித்து எழுப்பப்பட்ட மற்றொரு குன்று அதனினும் உயர்ந்து நிற்கிறது. சகுரா மரங்களின் இடையே ஏழு விளையாட்டு வெளிகள் மறைந்துள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் குழந்தைகளே தேடிக் கண்டறிய வேண்டும். கால் நனைத்து விளையாட ஆழமற்ற நீர்நிலை உண்டு. குளிர்காலத்தில் குன்றுகளின் சரிவுகளில் பனிச்சறுக்கு நிகழ்கிறது. அங்குள்ள கண்ணாடிக் கூம்பகத்தைக் கோடையில் குளிர்விக்கக் குளிர்காலப் பனியே சேமித்துவைக்கப்படுகிறது. பருவங்களின் சுழற்சியையும் கழிவு மண்ணாக மாறும் வரலாற்றையும் அங்கு விளையாடும் குழந்தை பாடநூலின்றியே உணர்கிறது.

அவர் விட்டுச்சென்றது

முதல் மாதிரிக்கும் நிறைவுற்ற பூங்காவிற்கும் இடையே 72 ஆண்டுகள் உருண்டோடின. தம் மலைமீது குழந்தைகள் ஏறுவதைக் காணும் பேறு நோகுச்சிக்கு வாய்க்கவில்லை. ஆயினும், ஒவ்வொரு மறுப்பிற்குப் பின்னும் அவர் திட்டம் மேலும் தெளிவடைந்தது. பாதுகாப்பு இல்லை என்றபோது மண்ணின் வளைவுகளைக் கண்டார். இடமில்லை என்றபோது யாரும் விரும்பாத குப்பை நிலத்தைத் தேர்ந்தார்.

குழந்தைக்குத் தேவையானது விலையுயர்ந்த கருவி அன்று. கண்டறிவதற்கு ஏதேனும் எஞ்சியிருக்கும் நிலம். ஒரு மேடும் ஒரு மரநிழலும் சிறிது நீரும் அதற்குப் போதுமானவை. அவற்றைச் சமன்செய்து தளமிடும் முன் ஒருகணம் நின்று எண்ண வேண்டும் என்பதே நோகுச்சியின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளி வளாகத்தில் மழைநீர் ஓடும் வழி, நிழல் விழும் இடம், மேடுபள்ளங்கள் ஆகியவற்றை வரைபடமாக வரைக. அவற்றை மாற்றாமல் தொடக்கநிலை மாணவர்க்கான விளையாட்டிடம் ஒன்றைத் திட்டமிடுக.
2. விளையாட்டில் பாதுகாப்பும் கற்பனை உரிமையும் ஒருங்கே அமைய இயலுமா? வகுப்பில் கலந்துரையாடுக.