மூன்ஸ்டர் நகரின் சிங்கம்



ஜெர்மனி நாட்டு ஆயர் கிளெமென்ஸ் ஃபொன் காலென் 1878-ல் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தார். 1904-ல் குருப்பட்டம் பெற்று, பெர்லினில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பங்குப் பணி புரிந்து, 1933-ல் மூன்ஸ்டர் ஆயரானார். உயரம் ஆறடி எட்டு அங்குலம். மக்கள் சிங்கம் என்றழைத்தது அதற்காக அன்று.

ஹிட்லர் அரசு மனநோயாளரையும் ஊனமுற்றோரையும் பயனற்றோரெனப் பட்டியலிட்டு, மருத்துவ விடுதிகளிலிருந்து பேருந்துகளில் ஏற்றிச் சென்று நச்சு வாயுவால் கொன்று வந்தது. நோயால் இறந்ததாக உறவினருக்குப் பொய்க் கடிதம் போகும். இதற்கு ஹிட்லர் இரகசியமாகக் கையொப்பமிட்ட ஒரு தாள் இருந்ததே தவிர, சட்டம் ஏதும் இயற்றப்படவில்லை.

ஆயர் பிடித்துக்கொண்டது அந்தச் சட்டத்தைத்தான். தம் மறைமாவட்டத்து மரியென்தால் விடுதி நோயாளரையும் கொண்டுபோகப் போவதை அறிந்ததும், 1941 ஜூலை 28-ல் அரசு வழக்கறிஞரிடமும் காவல்துறைத் தலைவரிடமும் எழுத்து மூலம் குற்றப் புகார் கொடுத்தார். தண்டனைச் சட்டத்தின் 211-ஆம் பிரிவு கொலையைத் தண்டிக்கிறது. அன்றைய 139-ஆம் பிரிவோ, கொலை நடக்கப்போவதை அறிந்தும் அறிவியாதவனையே தண்டித்தது. எனவே வாய்மூடியிருப்பதே சட்டப்படி குற்றம் என்றாயிற்று.

பயனில்லை. ஆகஸ்ட் 3, ஞாயிறன்று, புனித லம்பேர்த்து ஆலயத்தில் மறையுரை மேடையேறி, எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னார். பழுதான இயந்திரத்தை எறியலாம், நொண்டிக் குதிரையைக் கொல்லலாம், மனிதன் அப்படிப்பட்டவனல்லன்; உழைக்க இயலாதவனைக் கொல்லலாமென்றால், நாளை முதியோருக்கும், போரில் ஊனமுற்றுத் திரும்பும் வீரருக்கும் அதே கதிதான் என்றார். மகன் போர்வீரனாயிருக்க, தந்தை விடுதியிலிருந்து சாவுக்கு அனுப்பப்படவிருந்ததையும் எடுத்துக் கூறினார்.

மறையுரைப் பிரதிகள் கைமாறி நாடெங்கும் பரவின. ஆயரைத் தூக்கிலிட வேண்டுமெனக் கட்சியினர் சிலர் கேட்டனர். போர் நேரத்தில் மக்கள் கொதிப்பாரென அஞ்சி, பழிவாங்குதலைத் தள்ளிவைத்தனர். ஆகஸ்ட் 24-ல் வாயுக் கொலைகளை நிறுத்த ஹிட்லர் ஆணையிட்டான். அதற்குள் எழுபதாயிரம் பேருக்கு மேல் மாண்டிருந்தனர். பின்னரும் மருந்தாலும் பட்டினியாலும் கொலைகள் இரகசியமாய்த் தொடர்ந்தன.

ஆயரைத் தொட அஞ்சியவர்கள் மற்றவர்களை விடவில்லை. அம்மறையுரையைப் பரப்பியதும் ஒரு குற்றமாகச் சாட்டப்பட்டு, 1943-ல் லூபெக் நகரின் மூன்று கத்தோலிக்கக் குருக்களும் ஒரு லுத்தரன் போதகரும் தலை வெட்டப்பட்டனர். யூதருக்காக ஆயர் இப்படி மேடையேறவில்லை என்ற குறையும் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

1946 பிப்ரவரியில் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் அவரைக் கர்தினாலாக்கினார். குண்டுகளால் இடிந்து கிடந்த மூன்ஸ்டருக்கு மார்ச் 16-ல், தம் பிறந்த நாளன்று, திரும்பினார். மக்கள் திரண்டு வரவேற்றனர். ஆறாம் நாள் இறந்தார்.