குமிழிகளோடு மல்லுக்கட்டிய சார்லஸ் பார்சன்ஸ்: வேக்குவம் பம்ப்புக்கு அவர் விட்டுச்சென்ற பாடம்

ஃபேக்டரியில் ஓடும் வேக்குவம் பம்ப் திடீர்னு உள்ளே ஜல்லியைக் கொட்டின மாதிரி சத்தம் போடுதா? அது பெரும்பாலும் ‘கேவிடேஷன்’. இந்தப் பிரச்சினையை முதன்முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர், நீராவி டர்பைனால் புகழ்பெற்ற சார்லஸ் பார்சன்ஸ்.

யார் இவர்?

1854-ல் லண்டனில் பிறந்தார். அப்பா ராஸ் பிரபு, அயர்லாந்தில் ராட்சதத் தொலைநோக்கியைக் கட்டியவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து முடித்த கையோடு, பிரபு வீட்டுப் பிள்ளை நியூகாசிலில் அப்ரன்டிஸாகச் சேர்ந்தார். 1884-ல் டர்பைனை உருவாக்கினார்.

சறுக்கிய கப்பல்

1894-ல் டர்பைனில் ஓடும் ‘டர்பினியா’ கப்பலைக் கட்டினார். ஆனால் வேகம் 20 நாட்டைக்கூடத் தொடல. ப்ரொப்பல்லர் அதிவேகத்தில் சுற்றியதால் அதன் இலைகளில் அழுத்தம் சரிந்து, குளிர்ந்த தண்ணீரே ஆவிக் குமிழிகளாக மாறியது. உந்துவிசை வீணானது.

1895-ல் சின்னத் தொட்டி ஒன்றைச் செய்தார். குறைந்த வேகத்திலேயே குமிழி வர, தண்ணீரைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடாக்கினார். விட்டுவிட்டு வரும் வெளிச்சத்தில் குமிழிகளைக் கண்ணால் பார்த்தார்.

தீர்வு? ஒரே தண்டுக்குப் பதில் மூன்று தண்டுகள், 9 ப்ரொப்பல்லர்கள். சுமை பிரிந்தது. 1897-ல் விக்டோரியா ராணியின் வைர விழா கடற்படை அணிவகுப்பில் டர்பினியா சீறிப் பாய்ந்தது. அதன் உச்சவேகம் சுமார் 34 நாட்!

ஆனால் பெரிய கப்பல்களின் ப்ரொப்பல்லர்கள் அரிக்கப்பட்டன. குமிழி சட்டென்று நசுங்கும்போது ஏற்படும் அடிதான் உலோகத்தைப் பெயர்க்கிறது என்பதை 1919-ல் வெளியான அவரது ஆய்வு விளக்கியது. 1931-ல் பயணம் போன கப்பலிலேயே அவர் காலமானார்.

நம்ம பம்ப்புக்கு என்ன பாடம்?

பார்சன்ஸ் தெரிந்தே தண்ணீரைச் சூடாக்கினார். நாம் தெரியாமல் செய்கிறோம். லிக்விட் ரிங் பம்ப்பில் சீல் வாட்டர் 15 டிகிரியில் இருந்தால் சுமார் 17 மில்லிபாரில்தான் கொதிக்கும். 30 டிகிரி ஆனால் 42 மில்லிபாரிலேயே கொதித்துவிடும்.

ஜல்லிச் சத்தம், அதிர்வு, இம்பெல்லரில் ஸ்பாஞ்ச் போன்ற குழிகள் ஆகியவை அறிகுறிகள். சீல் வாட்டரைக் குளிர்ச்சியாக வையுங்கள். உறிஞ்சும் பக்கத்தை முழுசா அடைத்து ஓட்டாதீங்க. தேவைப்பட்டால் ஏர் பிளீட் வால்வு வழியே கொஞ்சம் காற்றை உள்ளே விடுங்க. வேக்குவம் சற்றுக் குறையும், இம்பெல்லர் பிழைக்கும்.