வயலினை எரித்த பாட்டி

உயர்தரப் பரீட்சை முடியும்வரை என் கதைப் புத்தகங்களை வாப்பும்மா அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கதை சோறு போடாது என்பது அவருடைய கட்சி. அந்தக் கோபம் ஆறாத நாட்களில்தான் ஜோர்ஜ் மெக்டொனால்டின் வாழ்க்கையை வாசித்தேன்.

அவர் 1824இல் ஸ்கொட்லாந்தின் ஹன்ட்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். 1832இல் தாயை இழந்தார். அவருடைய தந்தைவழிப் பாட்டி மிகவும் கண்டிப்பானவர். வயலின் சைத்தானின் கண்ணி என்று அஞ்சி, பெற்ற மகனின் வயலினையே நெருப்பிலிட்டவர்.

மெக்டொனால்ட் வளர்ந்து இங்கிலாந்தின் அருண்டெல் நகரில் மதபோதகரானார். இறைவனின் அன்புக்கு எல்லையில்லை என்று அவர் போதித்தது சபையினர் சிலருக்குப் பிடிக்கவில்லை. சம்பளத்தைக் குறைத்தார்கள். 1853இல் அவர் பதவி விலகினார். நுரையீரல் நோய் ஒருபுறம், வறுமை மறுபுறம். பிறந்த பிள்ளைகளோ 11 பேர். எழுத்தை நம்பியே அந்தக் குடும்பம் வாழ்ந்தது. நண்பர் லூயிஸ் கரோல் அச்சேறாத ஆலிஸ் கதையைக் கொடுத்தபோது, அதை ரசித்து வெளியிடத் தூண்டியதும் இந்த வீடுதான்.

1872இல் அவருடைய 'இளவரசியும் பூதமும்' நூலாக வெளிவந்தது. மலைக்கடியில் வாழும் பூதங்களுக்குப் பாட்டு என்றாலே ஆகாது. சுரங்கத்தில் வேலை செய்யும் சிறுவன் கேர்டி பாடியே அவற்றை விரட்டுகிறான். பழைய பாட்டுக்கும் பூதங்கள் ஓடும். ஆனால் புதிதாகக் கட்டிய பாட்டுக்குத்தான் அதிகம் நடுங்கும். பாடங்களை மனனம் செய்துகொண்டிருந்த எனக்கு அந்த இடம் சுருக்கென்று தைத்தது.

நெருப்பில் போன இசை, கதைக்குள் ஒரு சிறுவனின் ஆயுதமாகிவிட்டது. அதற்காக மெக்டொனால்ட் பாட்டிமாரைப் பழிவாங்கவில்லை. அதே கதையில் இளவரசி ஐரீனின் முதுபாட்டி மாளிகையின் உச்சியில் அமர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நூலை நூற்கிறாள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே இளவரசி இருட்டுக்குள் சென்று கேர்டியை மீட்கிறாள். கண்டிப்புக்குள்ளும் ஓர் அன்பின் நூல் இருப்பதை அவர் கண்டிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது.

அவர் 1905இல் மறைந்தார். சி. எஸ். லூயிஸ் பின்னாளில் அவரைத் தம் ஆசானாகவே கொண்டாடினார்.

நேற்றிரவு இந்தக் கதையை வாப்பும்மாவுக்குச் சொல்லத் தொடங்கினேன். தஸ்பீஹ் மணிகளை உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் நேரமாகிவிட்டதென்று என்னைத் தூங்கச் சொன்னார். அலுமாரித் திறப்பைத் தரவில்லை. மிச்சக் கதையை மட்டும் நாளைக்கு மறக்காமல் சொல்லச் சொன்னார்.