பத்து பவுண்டு நாவல்

ராஜீவ் மேனன் இயக்கிய 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' திரைப்படத்தை 2000-ஆம் ஆண்டில் பார்த்தபோது பாடல்களில் மயங்கினேனே தவிர, அதன் மூலம் ஓர் ஆங்கில நாவல் என்பதை அறிந்திருக்கவில்லை. பின்னர் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைப் படித்தேன். காதல் கதை என்று கையில் எடுத்தால், தொடக்க அத்தியாயங்களில் சொத்துக் கணக்கு! யாருக்கு வீடு, யாருக்கு எவ்வளவு ஆண்டு வருமானம் என்ற பேச்சுதான். அதை எழுதிய ஜேன் ஆஸ்டினின் வாழ்க்கையை அறிந்த பிறகே காரணம் விளங்கிற்று.

1775 டிசம்பர் 16-இல் இங்கிலாந்தின் ஸ்டீவென்டன் சிற்றூரில் பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர் அவர். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். இருபத்தைந்து வயதுக்குள் மூன்று நாவல்களின் முதல் வடிவை எழுதிவிட்டார். அவற்றுள் ஒன்றைப் பற்றி 1797-இல் தந்தை ஒரு பதிப்பாளருக்குக் கடிதம் எழுத, அனுப்பவே வேண்டாம் என்று உடனே பதில் வந்தது. பிற்காலத்தில் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஆனது அந்த நாவல்தான்.

1802 டிசம்பரில் பெரும் பண்ணையொன்றின் வாரிசு அவரை மணக்க விரும்பினார். மாலையில் சம்மதித்த ஜேன், மறுநாள் காலையில் மறுத்துவிட்டார். காதலற்ற மணம் வேண்டாமென்று கதையில் எழுதுவது எளிது. இருபத்தேழை நெருங்கும் வயதில், சொந்த வருமானம் ஏதுமின்றி அவ்வாறு நடந்துகொள்வது எளிதன்று. 1805-இல் தந்தை மறைந்ததும் தாயும் இரு மகள்களும் சகோதரர்களின் உதவியை நம்பியே வாழ நேர்ந்தது. 1809-இல் சாட்டன் கிராமத்தில் அண்ணன் எட்வர்ட் வீடொன்றைத் தரும்வரை நிலையான இருப்பிடமில்லை.

இதனிடையே, 1803-இல் 'சூசன்' என்ற நாவல் 10 பவுண்டுக்கு விற்கப்பட்டிருந்தது. வாங்கியவர் அதை அச்சிடவே இல்லை. ஆறாண்டுகள் பொறுத்து, திருமதி ஆஷ்டன் டென்னிஸ் என்ற புனைபெயரில் ஜேன் கடிதம் எழுதினார். அப்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் பைத்தியம் என்றாகும். கோபத்திலும் குறும்பை விடவில்லை! பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கைப்பிரதியைத் தருவதாகப் பதில் வந்தது. 1816-இல்தான் அண்ணன் ஹென்றி மூலம் அதே 10 பவுண்டு கொடுத்து அது மீட்கப்பட்டது.

1811-இல் முதல் நாவல் அவர் பெயரின்றி, 'ஒரு பெண்மணி' எழுதியதாக வெளிவந்தது. நட்டம் வந்தால் தாமே ஏற்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். 140 பவுண்டு இலாபம் கிடைத்தது. 1813-இல் வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் உரிமையையோ 110 பவுண்டுக்கு முற்றாக விற்றிருந்தார். பின்னர் பதிப்புகள் பெருகியபோது அவருக்கு எதுவும் சேரவில்லை.

அந்த நாவல் 1940-இல் ஹாலிவுட் படமாயிற்று. 1995-இல் பிபிசி தொடராயிற்று. 2005-இல் மீண்டும் திரைக்கு வந்தது. மாளிகைகளும் நடன அரங்குகளும் கண்ணைப் பறிக்கின்றன. அவற்றினும் எனக்கு உவப்பானது, ஆங் லீ இயக்கிய 1995-ஆம் ஆண்டின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. மரணப் படுக்கையில் தந்தை சொத்தைப் பற்றிப் பேசுவதிலிருந்தே அது தொடங்குகிறது. எம்மா தாம்சன் அதன் திரைக்கதைக்காக ஆஸ்கர் விருது பெற்றார். நம் ராஜீவ் மேனனும், வீட்டை இழந்த தாயையும் மகள்களையும் சென்னைக்கு அழைத்து வந்து, அந்தத் துயரை விடாமல் காட்டினார்.

1817 ஜூலை 18-இல், 41 வயதில், வின்செஸ்டர் நகரில் ஜேன் காலமானார். பேராலயத்திலுள்ள கல்லறைக் கல்லில் அவருடைய நற்குணங்கள் பேசப்படுகின்றன. நாவல் எழுதியவர் என்ற குறிப்பே இல்லை. 'சூசன்' அவ்வாண்டின் இறுதியில் 'நார்தாங்கர் அபே' என்ற பெயரில் வெளிவந்தது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 2017-இல், இங்கிலாந்து வங்கி அவருடைய உருவத்தைப் பணத்தாளில் அச்சிட்டது. அது பத்து பவுண்டுத் தாள்.